நகராட்சித் தெருக்களுக்கு அரசு நிதி: கருத்துரு எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் நகராட்சி. தெருவில் தார் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கவுன்சிலரைக் கேட்டால், 'அரசு நிதி கேட்டுக் கருத்துரு அனுப்பியிருக்கிறோம், வந்ததும் போட்டுவிடுவோம்' என்கிறார். இரண்டு வருடமாக இதே பதில். நாங்கள் வரி கட்டுகிறோமே, நகராட்சியிடம் ஏன் பணம் இல்லை? அந்தக் கருத்துரு எங்கேதான் போகிறது? நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?"

நான் நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கருத்துருக்களை எழுதியிருக்கிறேன், திரும்பி வந்தவற்றைத் திருத்தி மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கவுன்சிலர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் "அனுப்பியிருக்கிறோம்" என்ற ஒரு சொல்லுக்குள் பல நிலைகள் இருக்கின்றன. உங்கள் தெரு அதில் எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் பணம். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளில் நான்காவதாகச் சாலைகளும் பாலங்களும் இருக்கின்றன. பொறுப்பு அப்படி வந்துவிட்டது. அதற்கேற்ற வருமானம் வரவில்லை. நகராட்சியின் சொந்த வருமானம் என்பது சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, உரிமக் கட்டணம் போன்றவை. இதிலிருந்து ஊழியர் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், குப்பை அள்ளும் ஒப்பந்தம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, பழைய கடனின் தவணை எல்லாம் போக வேண்டும். நடுத்தரமான ஒரு நகராட்சியில் இவை போக மிஞ்சுவது பள்ளம் அடைக்கவும், சாக்கடை மூடி மாற்றவும், பம்பு பழுது பார்க்கவும்தான் ஆகும். முழுத் தெருவையும் புதிதாகப் போடுவதற்கு அந்தப் பணம் காணாது.

வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் சொத்து வரி பொதுச் சீராய்வு நெடுங்காலம் நடக்கவே இல்லை. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில்தான் உயர்வு வந்தது. குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதம் தொடங்கி, சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை ஏறியது. அந்த ஆண்டு ஊரெல்லாம் கோபப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று நேராக உங்கள் கேள்வியைத் தொடுகிறது: மத்திய வரிப்பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் கூட்டிக் காட்டினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம். தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஆக, உங்கள் ஊர் வரி வசூலும் கணக்கு முடிப்பும் பின்தங்கினால், மானியம் கேட்கும் இடத்திலும் அது பின்தங்கும்.

சரி, அந்த மத்திய மானியம் வந்தால் ரோடு போட்டுவிடலாமா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2021 முதல் 2026 வரைக்குமான 15ஆவது நிதிக்குழு மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு ஒதுக்கியதில் 60 சதவீதம் குறிப்பிட்ட வேலைகளுக்கென்று கட்டிவைத்த பணம். அதில் பாதி சுகாதாரத்துக்கும் திடக்கழிவுக்கும், மறுபாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். அதை எடுத்துத் தார் போட முடியாது. மீதி 40 சதவீதம்தான் அப்படிக் கட்டிவைக்காதது. அதைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சாலைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த 40 சதவீதத்தின் மேல் சாக்கடை, பள்ளிக்கூடக் கட்டடம், மயானம், பூங்கா எல்லாம் கண் வைத்திருக்கும்.

மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. இது மாதாமாதம் வருகிற பணம். பல நகராட்சிகளில் இதிலிருந்தே கடனும் நிலுவையும் பிடித்தம் ஆகிவிடும். கையில் வருவது அன்றாடச் செலவுக்குச் சரியாக இருக்கும்.

அதனால் தெருக்களை மொத்தமாகப் புதுப்பிக்க வேண்டுமென்றால் திட்ட நிதிதான் வழி. தமிழ்நாட்டில் இதற்கென்று சில வாசல்கள் இருக்கின்றன. தமிழ்நாடு நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்புத் திட்டம் ஒன்று. அலுவலகத்தில் அதை 'டியூரிப்' என்றுதான் சொல்வோம். 2021-22 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இன்னொன்று. நகர்ப்புறச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் தனியாக வந்தது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், அதிலும் சில தெருக்கள் நடக்கும். அப்புறம் நமக்கு நாமே திட்டம், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பெரிய வேலைகளுக்கு 1990-இல் தொடங்கிய, நகர உள்ளாட்சிகளுக்கு நிதி தரும் டுஃபிட்கோ என்ற அரசு நிறுவனத்தின் வழியாக மானியமும் கடனும் கலந்து வரும். கடன் பங்கு இருந்தால் அதை உங்கள் ஊர்தான் பிற்பாடு வட்டியோடு அடைக்க வேண்டும் என்பதை நகர்மன்றத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தீர்மானம் ஒரு வரியில் நிறைவேறிவிடுகிறது.

இதற்குள் போகும் முன் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரு யாருடையது? ஊருக்குள் ஓடுகிற எல்லாச் சாலையும் நகராட்சிக்குச் சொந்தமில்லை. பேருந்து போகும் முக்கியச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும், சில தேசிய நெடுஞ்சாலையாக இருக்கும். அங்கே நகராட்சி ஒரு கூடை தாரைக்கூடக் கொட்ட முடியாது. மாறாக, புதிதாக உருவான நகர்களில், மனைப்பிரிவு போட்டவர் சாலையை நகராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்காமலே போயிருப்பார். அப்படிப்பட்ட தெரு நகராட்சியின் சாலைப் பதிவேட்டிலேயே இருக்காது. பதிவேட்டில் இல்லாத தெருவுக்கு எந்தத் திட்டத்திலும் நிதி கேட்க முடியாது. மூன்று வருடம் அலைந்த பிறகு இந்த விஷயம் தெரிந்து உட்கார்ந்துபோன மக்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை முதல் நாளே கேளுங்கள்.

இப்போது கருத்துருவின் பயணம். வார்டு உதவிப் பொறியாளர் தெருவை அளந்து, எந்த வகைச் சாலை, எத்தனை மீட்டர், என்ன கனம் என்று மதிப்பீடு தயாரிக்கிறார். அது மன்றத்தின் முன் பொருளாக வைக்கப்பட்டுத் தீர்மானமாகிறது. ஆணையர் கையெழுத்தோடு மண்டல நகராட்சி நிர்வாக இயக்குநர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து சென்னையில் நகராட்சி நிர்வாக இயக்குநரகம். அவர்கள் எல்லா ஊர்ப் பட்டியல்களையும் சேர்த்து அரசுக்கு அனுப்ப, நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை போடுகிறது. இதுதான் நிர்வாக அனுமதி. அதன் பிறகு தொகையைப் பொறுத்து உரிய நிலைப் பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டும். அப்புறம்தான் ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை. உங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: மன்றத் தீர்மான எண் என்ன, எந்தத் திட்டத்தின் கீழ் அனுப்பியிருக்கிறீர்கள், நிர்வாக அனுமதி அரசாணை வந்துவிட்டதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், தெரு இன்னும் வெறும் பேச்சில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் எந்த ஊர் முன்னால் போகிறது? அரசியல் செல்வாக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை அதைவிடப் பெரிய காரணம், தயாராக இருப்பது. நிதிநிலை அறிக்கை மாநிலத்தில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதையடுத்துச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை அமைச்சர் அறிவிப்புகள் செய்வார். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே மேலிடத்திலிருந்து "உடனடியாகச் சாலைப் பட்டியல் அனுப்பவும்" என்று கேட்பார்கள். சில சமயம் இரண்டு நாள்தான் அவகாசம். அந்த நேரத்தில் சாலைப் பதிவேடு சரியாக வைத்திருக்கும் ஊர், மதிப்பீட்டோடு பட்டியலை அனுப்பிவிடும். வைத்திருக்காத ஊரில் இரவோடு இரவாகக் கவுன்சிலர்களுக்குப் போன் போட்டு, வார்டுக்கு இரண்டு தெரு என்று எழுதி அனுப்புவார்கள். நீளம் தோராயமாக இருக்கும். அகலம், ஆக்கிரமிப்பைக் கழிக்காமல் பழைய புத்தகத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். பின்னால் தொழில்நுட்ப அனுமதிக்குப் போகும்போது இடத்துக்கும் தாளுக்கும் ஒத்துப்போகாமல் கோப்பு திரும்பி வரும்.

நல்ல பதிவேடு என்றால் என்ன? ஒவ்வொரு தெருவுக்கும் பெயர், நீளம், உண்மையில் வண்டி போகும் அகலம், தாரா சிமெண்டா பேவர் பிளாக்கா, கடைசியாகப் போட்ட ஆண்டு, எந்தத் திட்டத்தில் போட்டது, கீழே குடிநீர்க் குழாய் எந்த வயது, பாதாள சாக்கடை முடிந்ததா இல்லையா, மழைநீர் வடிகால் உண்டா, இப்போதைய நிலை என்ன. இவ்வளவுதான். இரண்டு பேர் ஒரு டேப்பும் போனும் எடுத்துக்கொண்டு தினமும் காலையில் நடந்தால் சின்ன நகராட்சியைச் சில வாரங்களில் முடித்துவிடலாம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். என் பணிக்காலத்தில் நான் மனநிறைவோடு நினைக்கிற வேலைகளில் இது முதலாவது. ஒரு ஊரில் அப்படி ஒரு பதிவேடு போட்டு முடித்தபோது, எல்லோரும் மோசம் என்று சொன்ன தெருக்களைவிட மோசமான, கேட்க ஆளில்லாத தெருக்கள் ஊரின் ஓரங்களில் இருந்தது தெரிந்தது. வார்டுக்கு இரண்டு தெரு என்று பிரிப்பதில் உள்ள கோளாறும் இதுதான். எல்லா வார்டிலும் சேதம் ஒரே அளவில் இருப்பதில்லை.

அடுத்தது குழாய். இதைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் பல ஆண்டு காத்திருந்து சாலை நிதி வாங்கினோம். கடைவீதியை ஒட்டிய ஒரு தெருவை நல்ல கனத்தில், நல்ல மட்டத்தில் போட்டு முடித்தோம். மக்கள் சந்தோஷப்பட்டார்கள். இரண்டே மாதத்தில், தனியாக அனுமதியான குடிநீர்த் திட்டத்துக்குக் குழாய் பதிக்க நடுத்தெருவைத் தோண்டினார்கள். அந்தத் திட்டத்தின் வரைபடம் எங்கள் அலுவலகத்திலேயே, வேறொரு அலமாரியில் இருந்தது. சாலைக் கோப்பைப் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காதவர்களில் நானும் ஒருவன். தோண்டிய பள்ளத்தை மண்ணைத் தள்ளி மேலே கலவை போட்டு மூடினார்கள். அடுத்த மழையில் அந்தக் கோடு முழுதும் உள்வாங்கியது. ஒரு பாட்டி அதில் கால் இடறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்தத் தெருவை இன்றும் என்னால் நிம்மதியாகக் கடக்க முடியவில்லை.

2021 அக்டோபரில் மத்திய அரசு அம்ருத் 2.0 தொடங்கிய பிறகு நகரங்களில் குடிநீர், கழிவுநீர் வேலைகள் நிறைய நடக்கின்றன. அதனால் மேலே அனுப்பும் சாலைப் பட்டியலுக்கு, 'இந்தத் தெருவில் குழாய், பாதாள சாக்கடை, மின் கம்பி வேலைகள் முடிந்துவிட்டன' என்ற உறுதி வேண்டும். உங்கள் தெருவுக்குத் தார் தள்ளிப் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாதாள சாக்கடை வரப்போகிறது, ஆனால் எப்போது என்று தெரியவில்லை என்றால், ரோடு அதுவரை காத்திருக்கும். கேட்க எரிச்சலாக இருக்கும், தெரிகிறது. ஆனாலும் காத்திருப்பதுதான் சரி. அந்த இடைவெளியில் பள்ளங்களை ஒழுங்காக அடைத்து நடமாடும் நிலையில் வைக்கும்படி வற்புறுத்துங்கள். அது நகராட்சியின் சொந்த நிதியில் செய்ய வேண்டியது, செய்யக்கூடியது.

மட்டம் என்று மேலே ஒரு சொல் சொன்னேன். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு அங்குலம் ஏறும். மூன்று முறை போட்டால் அரையடிக்கு நெருங்கிவிடும். வாசல்படி கீழே போய், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தமிழ்நாட்டில் இது எத்தனை வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். மில்லிங் என்று சொல்வது இதைத்தான். உங்கள் தெரு மதிப்பீட்டில் மில்லிங் ஒரு தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மன்றத்துக்கு வரும் முன்பே எழுதிக் கொடுங்கள். அரசாணை வந்த பிறகு மதிப்பீட்டில் புதிதாக ஒரு வரி சேர்ப்பது பெரும்பாடு.

வடிகாலும் அப்படித்தான். தார் என்பது ஜல்லியை ஒட்டவைக்கும் பசை. தண்ணீர் தேங்கி நின்றால் அந்த ஒட்டு விட்டு, ஜல்லி பெயர்ந்துவிடும். தெருவின் தாழ்ந்த மூலையில் எப்போதும் முதல் பள்ளம் விழுவது அதனால்தான். தண்ணீர் தேங்கும் தெருவுக்கு வடிகாலைச் சேர்க்காமல் தார் மட்டும் கேட்டு வாங்குவது நிதியை வீணடிப்பது. அப்படி ஒரு இடத்தில் மட்டும் சிமெண்ட் சாலையோ பேவர் பிளாக்கோ கேட்பது நல்ல யோசனை. குறுகலான சந்துகளில் ரோலர் திரும்ப இடமிருக்காது, அங்கேயும் தாரைவிட இவை மேல்.

காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். ஈரத்தரையில் தார் போடக் கூடாது. ஜூனில் அரசாணை வருகிறது என்று வையுங்கள். தொழில்நுட்ப அனுமதிக்கு ஜூலை போய்விடும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். பிறகு ஒப்பீடு, மன்றத்தின் ஏற்பு, ஒப்பந்தம், பணி ஆணை. செப்டம்பர் கடைசியில் ஒப்பந்ததாரர் வந்து நின்றால், வானம் கறுத்திருக்கும். வேலை பொங்கலுக்குப் பிறகுதான். அதற்குள் தார் விலை மாறியிருக்கும். எண்ணெய் நிறுவனங்கள் அதை மாதத்துக்கு இருமுறை மாற்றுகின்றன. மதிப்பீடு பழைய ஆண்டு விலைப்பட்டியலில் போட்டது என்றால் ஒப்பந்தப்புள்ளிக்கு ஆளே வராது. மறு ஒப்பந்தப்புள்ளி, மறுபடியும் அதே சுற்று. நீங்கள் சொன்ன இரண்டு வருடத்தில் ஒரு வருடம் இப்படிப் போயிருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு காரணம் தொகுப்பு. பத்துப் பதினைந்து தெருக்களைச் சேர்த்து ஒரு பேக்கேஜாகக் கட்டுவார்கள். தார் கலவை ஆலை ஊரிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கும். இரண்டு தெருவுக்காக மட்டும் லாரியும், கலவையை விரிக்கும் பேவர் இயந்திரமும், ரோலரும் கொண்டுவந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பேக்கேஜில் ஒரு தெருவில் சிக்கல் என்றால் மற்றவையும் சேர்ந்து தாமதமாகும். உங்கள் தெருவில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். பக்கத்துத் தெருவில் எடுக்கப்படாத ஆக்கிரமிப்பு ஒன்று முழுப் பேக்கேஜையும் பிடித்து வைத்திருக்கலாம்.

வேலை நடக்கும் நாளில் என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன், இது உங்கள் கையில் இருக்கிற விஷயம். பொதுவாகப் பயன்படும் விஜி-30 வகைத் தார் என்றால், ஜல்லியும் தாரும் சேர்ந்த கலவை, ஆலையிலிருந்து 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் கிளம்ப வேண்டும். விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது. 90-க்குக் கீழே போகும் முன் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். லாரிக்கு மேலே தார்ப்பாய் மூடியிருக்கிறதா, இறக்கும்போது ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். விரிப்பதற்கு முன் பழைய தளத்தைப் பெருக்கி, தூசி போகக் காற்றடித்து, இமல்ஷன் என்ற, தாரும் தண்ணீரும் சேர்ந்த திரவத்தைத் தெளிக்க வேண்டும். தெளித்ததும் அது பழுப்பாக இருக்கும். கறுப்பாக மாறிய பிறகே கலவை விழ வேண்டும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுவார்கள்.

கனத்தைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு. 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத் தெரு என்றால் 800 சதுர மீட்டர். 30 மில்லிமீட்டர் கனத்துக்கு 24 கன மீட்டர் கலவை, அதுவும் இறுகிய நிலையில். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.3 டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஆகவே அந்தத் தெருவுக்கு 55 டன் அளவுக்குக் கலவை வர வேண்டும். ஒவ்வொரு லாரியிலும் எடைச் சீட்டு இருக்கும், மேற்பார்வை பார்க்கும் பொறியாளரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். 35 டன்னில் தெரு முடிந்துவிட்டது என்றால், கனம் எங்கோ குறைந்திருக்கிறது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்த இரண்டு பேர் தெருவில் நின்றாலே வேலையின் தரம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல ஒப்பந்ததாரர்கள் இதை வரவேற்பார்கள்.

மதிப்பீட்டில் பிளாஸ்டிக் கழிவு சேர்ப்பது ஒரு வரியாக இருந்தால் பயப்பட வேண்டாம். சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கை உருகிப் படியவிட்டு, பிறகு தார் கலக்கும் முறை அது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கியது. அதற்காக 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒழுங்காகச் செய்தால் ஜல்லியின் மேல் தண்ணீர் ஏறுவது குறையும்.

இனி, நீங்கள் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் 2022-இல் நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபைகள் நடந்தன. கிராம சபை போல இது உங்கள் இடம். அங்கே "எங்களுக்கு ரோடு போடுங்கள்" என்று மட்டும் கேட்டால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பதில், தெருவின் நீளம், அகலம், கடைசியாகப் போட்ட ஆண்டு, தண்ணீர் தேங்கும் இடங்கள், குழாய் வேலையின் நிலை, படங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்தோடு கொடுங்கள். உதவிப் பொறியாளருக்கு ஒரு நகல், ஆணையருக்கு ஒரு நகல். ஒருவரே பல வார்டுகளைப் பார்க்கும் அலுவலகத்தில், அளவு போட்ட ஒரு தாள் அவருக்குப் பெரிய உதவி. நாளைக்கே பட்டியல் கேட்டால் உங்கள் தெரு அதில் ஏறும். ஏன் என்றால், அதற்குத் தேவையான விவரம் அவர் மேசையில் இருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள். பொதுத் தகவல் அலுவலரிடம் சண்டை போடும் தொனியில் கேட்காமல், ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: உங்கள் தெருவுக்கான சாலைப் பதிவேட்டுப் பக்கம், மன்றத் தீர்மான நகல், மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிய பட்டியல், அதற்கு வந்த பதில் கடிதம். அந்தக் கடைசிக் கடிதத்தில்தான் தாமதத்தின் உண்மையான காரணம் இருக்கும். அளவு பொருந்தவில்லையா, குழாய் வேலை நிலுவையா, திட்டத்தில் பணம் தீர்ந்துவிட்டதா என்று அதில் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள்.

நமக்கு நாமே திட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். 1997-இல் தொடங்கி, 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-இல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். அறுபது எழுபது வீடுகள் உள்ள நகரில், சங்கம் நன்றாக இயங்கினால், இது மற்ற எல்லா வழியையும்விட வேகமானது. ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வசதியுள்ள குடியிருப்புகளுக்கு இது சரி. அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாழும் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கச் சொல்வது நியாயம் இல்லை. அந்தத் தெருக்களுக்கு முழு நிதியும் திட்டத்திலிருந்துதான் வர வேண்டும். வசதியான நகர்கள் இந்த வழியில் போனால், பொதுப் பட்டியலில் கூலி வேலைக்காரர்களின் தெருக்களுக்கு இடம் மிஞ்சும் என்பது இதிலுள்ள நல்லது.

கடைசியாக ஒன்று. ரோடு போட்ட பிறகு முதல் கனமழை அன்று குடையோடு தெருவில் ஒரு நடை நடந்து, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று படம் எடுத்து, தேதியோடு அதே வாரம் நகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அவருடைய வைப்புத் தொகையும் நகராட்சியிடம் இருக்கும். அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பணி ஆணையைப் பார்த்துத் தெருவின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.